மாடியில் காய்ந்த பொம்மைகள்

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய அந்த இரவில், திருநெல்வேலி சிந்துபூந்துறையில் எங்கள் வீட்டு நடையில் தாமிரபரணித் தண்ணீர் ஏறத் தொடங்கியது. அரிசி மூட்டை, வீட்டுப் பத்திரங்கள், சான்றிதழ்கள், தையல் இயந்திரம் என்று ஒவ்வொன்றாக நானும் என் மனைவியும் மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தோம். தண்ணீர் முழங்காலைத் தொட்டபோது அவள் கட்டிலுக்கு அடியில் டார்ச் விளக்கை அடித்து, "ஏங்க, இந்த ரெண்டு டிரங்குப் பெட்டியையும் தூக்கணுமா?" என்று கேட்டாள். "பழைய புத்தகந்தான், கெடக்கட்டும்" என்று சொன்னேன். அந்தப் பெட்டிகளில் புத்தகம் ஒன்றுகூட இல்லை. முப்பது ஆண்டுகளாக நான் சேர்த்த 112 பொம்மைகள் இருந்தன.

பாளையங்கோட்டையில் உதவிபெறும் பள்ளி ஒன்றில் நான் வேதியியல் ஆசிரியர். வயது 56. பொம்மை சேர்க்கும் பழக்கம் உள்ள பெரியவர்கள் நம் ஊர்ப்பக்கம் நாம் நினைப்பதைவிட அதிகம் என்பதும், அவர்களில் பலர் என்னைப் போலவே பெட்டியைப் பூட்டிச் சாவியை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பதும் எனக்கு அந்த வெள்ளத்துக்குப் பிறகே தெரிய வந்தது. பொம்மையின் மேல் வைக்கும் ஆசை யாரையும் கெடுப்பதில்லை. அதை மறைப்பதுதான் பொம்மையையும் கெடுக்கிறது, சேர்ப்பவரையும் கெடுக்கிறது. நான் இழந்தவை எல்லாம் மறைத்ததால் இழந்தவை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தண்ணீர் வடிந்து, வீட்டுக்குள் கணுக்கால் அளவு வண்டல் படிந்து கிடந்தபோது, மனைவி பின்கட்டில் சேறு தள்ளிக்கொண்டிருந்த நேரம் பார்த்துப் பெட்டிகளைத் திறந்தேன். மூடியைத் தூக்கியதும் வந்த வாடை இன்னும் நினைவில் இருக்கிறது. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைகள் ஐந்தும் காகிதக்கூழாகவும் சுண்ணச் சேறாகவும் கரைந்திருந்தன. ஆந்திரத்துக் கொண்டபல்லி மரப்பொம்மைகளின் உடல் மிதந்துகொண்டிருந்தது, கைகால்கள் தனியே கிடந்தன. அவற்றின் உறுப்புகளை மரத்தூளும் புளியங்கொட்டை மாவும் கலந்த பசையால்தான் ஒட்டுகிறார்கள் என்பதால், நாள்கணக்காக ஊறினால் கழன்றுவிடும் என்று ஒரு வேதியியல் ஆசிரியன் முன்பே எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். பனையோலைக் கிலுகிலுப்பைகளில் கறுப்புப் பூஞ்சணம் ஏறியிருந்தது. பிளாஸ்டிக் பொம்மைகளின் சிவப்பு ஆடைகள் சாயம் விட்டு, உடலெங்கும் காயம் பட்டதுபோல் கறை பிடித்திருந்தன. எல்லாவற்றுக்கும் அடியில், வண்டலுக்குள், என் ஆச்சியின் மரப்பாச்சி ஜோடி மட்டும் எந்தச் சேதமும் இல்லாமல் படுத்திருந்தது. நல்ல செம்மரம் தண்ணீரைவிடக் கனமானது. அது மிதக்காமல் அமிழ்ந்து அடியிலேயே கிடந்துவிட்டது.

நான் கையில் அந்த மரப்பாச்சியோடு உட்கார்ந்திருந்ததை மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டாள். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இத எங்கிட்டச் சொல்லிருந்தா அன்னைக்கே தூக்கிருக்கலாம்லா" என்றாள். போய் ஒரு வாளியும் ஷாம்பு பாக்கெட்டுகளும் எடுத்து வந்தாள். முப்பது ஆண்டுகளாக எந்தக் கேள்விக்குப் பயந்தேனோ, அந்தக் கேள்வியை அவள் கேட்கவே இல்லை.

ஏன் மறைத்தேன் என்பதைச் சொல்லாமல் இந்த அனுபவம் முழுமையாகாது. ஆச்சி கல்யாணச் சீராகக் கொண்டுவந்த மரப்பாச்சி ஜோடியை வைத்து எங்கள் வீட்டில் நவராத்திரிக்குக் கொலு வைத்தார்கள். படியின் கீழே அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களை அடுக்குவது என் வேலையாக இருந்தது. அடுப்பு, அம்மி, உரல், குடம் என்று கட்டைவிரல் உயரத்துக்குக் கடைந்த சாமான்கள். கடைசல் இயந்திரத்தில் மரம் சுழலும்போது அரக்குக் குச்சியை அழுத்த, உராய்வுச் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் பளபளவென்று படிவதை ஒருமுறை அப்பா என்னை அழைத்துச் சென்று காட்டினார். எட்டு வயதில் ஒரு நாள், அக்காளோடு சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்த என்னை உறவுக்காரப் பெரியவர் ஒருவர் கூட்டத்தின் நடுவே, "ஆம்பளப் பிள்ளைக்குச் சொப்பு எதுக்குலே?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அவருக்கு அது ஒரு வார்த்தை. எனக்கு அது நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

1994-இல் பயிற்சி ஒன்றுக்காகச் சென்னை சென்றபோது, அக்காள் மகளின் பிறந்தநாளுக்கென்று புடவை கட்டிய பார்பி பொம்மை ஒன்று வாங்கினேன். லியோ மேட்டல் என்ற பெயரில் இந்தியாவிலேயே செய்து விற்ற பொம்மை அது. நெற்றியில் பொட்டும், ஜரிகைக் கரை வைத்த சேலையுமாக அது பெட்டிக்குள் நின்றதைப் பார்த்து, பில் போட்ட பிறகு திரும்பிப் போய் இன்னொன்று வாங்கினேன். ஒன்று குழந்தைக்குப் போனது. மற்றது டிரங்குப் பெட்டிக்குள் போனது. அன்று தொடங்கியது.

1998-இல் மாணவர்களை தில்லிக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றபோது, கேலிச்சித்திரக்காரர் சங்கர் தொடங்கிய பன்னாட்டுப் பொம்மை அருங்காட்சியகத்துக்குப் போனோம். ஹங்கேரி நாட்டுத் தூதர் கொடுத்த ஒரு பொம்மையில் தொடங்கி, 1965-இல் மக்கள் பார்வைக்குத் திறந்து, ஆயிரக்கணக்கான பொம்மைகளாகப் பெருகிய இடம் அது. ஒரு நாட்டின் தலைநகரில், பெரிய மனிதர்கள் கூடி, பொம்மைகளுக்கென்று ஒரு கட்டடம் கட்டியிருக்கிறார்கள் என்பதை நின்று நின்று பார்த்தேன். உடன் வந்த ஆசிரியர் "என்ன சார், இன்னும் வரலையா?" என்று கேட்டபோது, "பசங்க எண்ணிக்கையைச் சரிபார்த்துட்டு இருக்கேன்" என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்யை அங்கேயே விட்டிருந்தால் பின்னால் நேர்ந்த பல நட்டங்கள் நேர்ந்திருக்காது.

மறைவில் வாங்குகிறவர் தனியாக வாங்குகிறார். தனியாக வாங்குகிறவரிடம் பொய்ச் சரக்கு எளிதில் விலை போகும். இதற்கு நானே சாட்சி. 2012-இல் இணையவழி விற்பனையாளர் ஒருவர் "1966-ஆம் ஆண்டுப் பார்பி, முதுகில் ஆண்டு பொறித்திருக்கிறது" என்று படம் அனுப்பினார். பார்பி முதன்முதலில் நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் அறிமுகமானது 1959 மார்ச் 9-ஆம் தேதி. ஆகவே இது முதல் பத்தாண்டுக்குள் வந்த அரிய பொம்மை என்று நம்பி 6,000 ரூபாய் அனுப்பினேன். அந்த 1966 என்பது பொம்மை செய்த ஆண்டு இல்லை. அந்த உடல் வார்ப்பின் உரிமையைப் பதிவு செய்த ஆண்டு. அதே எண்ணைத் தாங்கிய உடல்கள் 1990-கள் வரை லட்சக்கணக்கில் வார்க்கப்பட்டன. எண்ணுக்குப் பக்கத்திலேயே 'மலேசியா' என்று பொறித்திருந்தது. ஆரம்ப காலப் பார்பிகள் ஜப்பானில் செய்தவை என்று அறிந்த யாராவது ஒருவர் அந்தப் படத்தை ஒரு நிமிடம் பார்த்திருந்தால் போதும். காட்டுவதற்கு எனக்கு யாரும் இல்லை, அப்படி இல்லாமல் செய்துகொண்டவனும் நானே. பொம்மையின் உடலில் இருக்கும் ஆண்டை மட்டும் நம்பி யாரும் விலை பேச வேண்டாம். செய்த நாட்டின் பெயர், கழுத்து விளிம்பின் உள்ளே இருக்கும் தலை வார்ப்பின் குறி, முழங்கால் மடங்கும் விதம், தலைமுடி நட்டிருக்கும் முறை ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். சில குறிகள் நேராகவே காலத்தைச் சொல்லிவிடும். கொழும்பில் கடை வைத்திருந்த எங்கள் தாத்தா கொண்டுவந்த சிறிய செல்லுலாய்டு பொம்மையின் முதுகில் 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்' என்ற பொருளில் ஆங்கில எழுத்துகள் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நேச நாட்டுப் படைகள் ஜப்பானை ஆக்கிரமித்திருந்த காலத்தில், 1952 வரை, ஏற்றுமதிப் பொருள்களில் இட்ட குறி அது.

மழை விட்ட பிறகு, எஞ்சியவற்றை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்ப் பரப்ப வேண்டியிருந்தது. வீட்டுக்குள் காய வைக்க இடமும் இல்லை, மின்சாரமும் இல்லை. பழைய பத்தமடைப் பாயை விரித்து, என் மனைவி பொம்மைகளை வரிசையாகப் படுக்க வைத்தாள். தெருவில் எல்லா வீட்டு மாடியிலும் மெத்தையும் புத்தகமும் துணியும் காய்ந்துகொண்டிருந்தபோது, எங்கள் வீட்டு மாடியில் பொம்மைகள் காய்ந்தன. எதிர்வீட்டு ஆச்சி தம் மாடியிலிருந்து பார்த்துவிட்டு, படியேறி வந்து, மரப்பாச்சியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "சார்வாள், இது எங்க அம்மை வச்சிருந்தது மாதிரில்லா இருக்கு. எங்கிட்டயும் ஒண்ணு உண்டும். ஆம்பளப் பொம்மை மட்டுந்தான், ஜோடி போயிட்டு" என்றார். நான் ஒரு தெரு முழுவதற்கும் பயந்திருந்தேன். அந்தத் தெருவில் எண்பது வயதான ஒருவர், ஜோடி இழந்த மரப்பாச்சியைத் தலையணை உறைக்குள் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

வெள்ளத்தில் நனைந்த பொம்மைகளை மீட்பதில் செய்த தவறுகளையும் கற்றவற்றையும் விரிவாகச் சொல்ல வேண்டும். வெள்ளநீரில் சாக்கடை கலந்திருக்கும் என்பதால் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. முதலில் ஆடைகளைக் கழற்றிவிட வேண்டும். நனைந்த துணி உடலோடு இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் சாயம் பிளாஸ்டிக்குக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். பூஞ்சணம் பிடிக்க இரண்டு நாள் போதும் என்பதால் மற்ற வீட்டு வேலைகளுக்கு நடுவே இதையும் தள்ளிப்போட முடியாது. வினைல் என்னும் மென்பிளாஸ்டிக்கால் ஆன பொம்மைகளை வெறும் தண்ணீரில் அலசி, பிறகு மென்மையான சோப்புநீரில் கழுவ வேண்டும். முடி நட்ட துளைகள் வழியாகத் தலைக்குள் தண்ணீர் புகுந்து தங்கும் என்பதை நான் அறியாமல், வெளியே காய்ந்ததைப் பார்த்து எடுத்து வைத்துவிட்டேன். இரண்டு வாரத்தில் நான்கு பொம்மைகளின் தலைக்குள் பூஞ்சணம் படர்ந்துவிட்டது. கழுத்தைக் கழற்ற முடிந்தால் கழற்றி, கழுத்துத் துளை கீழ்ப்பக்கம் இருக்குமாறு வைத்துத் தண்ணீரை முழுதும் வடிய விட வேண்டும். படுக்க வைத்தால் கண் மூடும் பொம்மைகளின் தலையைத் தண்ணீரில் முக்கவே கூடாது. கண்ணை அசைக்கும் உலோகக் கம்பியும் ஈயக் குண்டும் உள்ளே இருக்கின்றன, கம்பி துருப்பிடித்தால் கண் பாதியில் நின்றுவிடும். ஈரத்துணியால் துடைப்பது மட்டுமே சரி. முடியை நுனியிலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிச் சிக்கெடுக்க வேண்டும். இதை என் மனைவி எனக்குக் கற்றுக்கொடுத்தாள். எங்கள் மகளின் தலையைச் சீவிய கை அது.

மரப்பொம்மைகளை வெயிலில் வைத்தது என் பெரிய தவறு. அரக்குப் பூசிய அம்பாசமுத்திரத்துச் சாமான்களும் கர்நாடகத்துச் சென்னபட்டணப் பொம்மைகளும் வெள்ளத்தைத் தாங்கிவிட்டன, வெயிலைத் தாங்கவில்லை. மேல்பரப்பு வேகமாகக் காய்ந்து சுருங்க, உள்ளே ஈரம் இருக்க, மரத்தின் முனைகளில் வெடிப்பு ஓடியது. நிழலில், காற்றோட்டத்தில், வாரக்கணக்கில் காய வைத்தவை எல்லாம் தப்பின. அவசரப்பட்டவை போயின.

சாயக் கறையைப் போக்குவதற்கு, முகப்பருவுக்குப் பூசும் பென்சாயில் பெராக்சைடு களிம்பு மருந்துக்கடையில் கிடைக்கும். கறை பட்ட இடத்தில் மட்டும் பூசி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்றி, சில மணி நேரம் வெயிலில் வைத்து, கழுவி, கறை போகும்வரை திரும்பச் செய்ய வேண்டும். அது வெளுக்கச் செய்யும் பொருள் என்பதால் கண், உதடு வரைந்த இடங்களில் பட்டால் வண்ணமும் போய்விடும். அதிக நேரம் விட்டால் அந்த இடம் மட்டும் வெள்ளைத் தேமலாகத் தெரியும். பழைய பார்பி தலைகளில் காதணியின் செம்பு வினைலோடு வினைபுரிந்து காதோரம் பச்சை படர்வதற்கும் இதே களிம்பைத்தான் பலர் பயன்படுத்துகிறார்கள். அங்கே காதணியை முதலில் கழற்றாவிட்டால் பச்சை திரும்ப வரும். நகச்சாயம் அகற்றும் அசிட்டோனை அவசரத்துக்கு எடுக்கிறவர்கள் உண்டு. கெட்டியான பிளாஸ்டிக் உடல்கள் அதில் கரையும். என் கண் முன்னே ஒரு பொம்மையின் தோள் மெழுகுபோல் இளகியதைப் பார்த்த பிறகு அந்தக் குப்பியை அந்த மேசையிலிருந்தே எடுத்துவிட்டேன்.

மாடியில் பொம்மைகள் காய்ந்த செய்தி தெருவைத் தாண்டிப் போனது. சொந்தக்காரர் வழியாகவும் சக ஆசிரியர்கள் வழியாகவும் ஒவ்வொருவராக அறிமுகமானார்கள். தென்காசியில் வங்கி அதிகாரியாக இருக்கும் பெண்மணி ஒருவர் பெரிய தலையும், பின்னால் உள்ள கயிற்றை இழுத்தால் நிறம் மாறும் கண்களும் கொண்ட பிளைத் பொம்மைகளைச் சேர்க்கிறார். 1972-இல் அமெரிக்காவில் கென்னர் நிறுவனம் ஒரே ஆண்டு விற்றுக் கைவிட்ட பொம்மை அது. பிறகு 2001-இல் ஜப்பானின் தகரா நிறுவனம் மீண்டும் செய்யத் தொடங்கியது. நாகர்கோவிலில் செவிலியராக இருக்கும் ஒருவரிடம் ரெசின் என்னும் செயற்கைப் பிசின் வார்ப்பில் செய்த, மூட்டுகள் பந்துபோல் உருளும் பொம்மைகள் மூன்று இருக்கின்றன. 1999-இல் ஜப்பானின் வோக்ஸ் நிறுவனம் தொடங்கிவைத்த வகை அது. வெளிச்சம் பட்டால் ரெசின் மஞ்சளிக்கும் என்பதால் அவர் சன்னலுக்குக் கனத்த திரை போட்டு வைத்திருக்கிறார். மூலச் சிற்பியின் வார்ப்பைத் திருட்டுத்தனமாக நகலெடுத்து விற்கும் மலிவுப் பொம்மைகளை அவர் வீட்டுக்குள் விடுவதில்லை. அதில் அவரோடு எனக்கு முழு உடன்பாடு உண்டு. முகத்தைச் செதுக்கிய கையின் கூலியைப் பறித்து வாங்கும் பொம்மையைப் பார்த்து எப்படி மகிழ முடியும்? வள்ளியூரில் தையற்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் பொம்மைகளுக்கு மட்டும் தைக்கிறார். கண்டாங்கிச் சேலையின் கட்டத்தைப் பொம்மை அளவுக்குச் சுருக்கினால்தான் மடிப்பு உண்மையாக விழும் என்று சொல்லி, மெல்லிய துணியைத் தேடித் தூத்துக்குடி வரை போய் வருகிறார்.

இவர்களுக்குள் பெரிய பிரிவு ஒன்று இருக்கிறது. வாங்கிய பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே வைப்பவர்கள் ஒரு பக்கம், பிரித்து எடுத்து, உடை மாற்றி, முடி சீவி, பெயர் வைத்து, பேசவும் செய்பவர்கள் மறுபக்கம். பெட்டியோடு இருந்தால் விலை போகும் என்பது உண்மைதான். ஆனால் மூடிய பெட்டி பாதுகாப்பு என்று நம்புவது தவறு. பொம்மையைக் கட்டியிருக்கும் ரப்பர் வளையம் காலப்போக்கில் உருகி உடலில் ஒட்டுகிறது. அட்டையின் அமிலம் துணியைப் பழுப்பாக்குகிறது. பி.வி.சி. உடலை மிருதுவாக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் வெளியே கசிந்து பிசுபிசுப்பாகிறது, காற்றுப் போகாத இடத்தில் அது துடைக்க ஆளின்றிப் படிகிறது. தூத்துக்குடியில் ஒரு அம்மாள் 20 ஆண்டுகள் பிரிக்காத பெட்டி ஒன்றை என் முன்னே திறந்தபோது, பொம்மையின் கால்களில் ஆடையின் வண்ணம் அப்படியே இறங்கியிருந்தது. நான் பிரிப்பவர்கள் பக்கம். பேசுபவர்களைக் கேலி செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கொலுவின் கடைசி நாள் இரவில் ஒரு பொம்மையையாவது படுக்க வைத்துத்தான் கொலுவைக் கலைக்க வேண்டும் என்று சொல்லி வளர்த்த வீடுகள் நம்முடையவை. ஜப்பானில் மார்ச் 3-ஆம் தேதி பெண் குழந்தைகளுக்காகச் சிவப்புத் துணி விரித்த படிகளில் பொம்மை அடுக்குகிறார்கள். வைத்திருக்க முடியாத பழைய பொம்மைகளைக் குப்பையில் எறியாமல் கோயிலில் சடங்கு செய்து விடை கொடுக்கிறார்கள். பெரியவர்கள் பொம்மையை மரியாதையோடு நடத்துவது எந்த ஊரிலும் புதிய பழக்கம் இல்லை. அந்த மரியாதையை ஒன்பது நாளுக்கு மட்டும் ஒதுக்கிவிட்டு, மற்ற நாள்களில் அதே பொம்மையைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று சொல்லக் கற்றுக்கொண்டதுதான் புதியது.

இப்போது என் பொம்மைகள் கண்ணாடி அலமாரியில், தரையிலிருந்து நான்கு அடிக்கு மேலே இருக்கின்றன. கட்டிலடி, பரண் இரண்டையும் விட்டுவிட்டேன், ஒன்றில் தண்ணீர், மற்றதில் கோடை வெக்கை. அந்துருண்டை போடுவதில்லை. அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும். மரப்பொம்மைகளுக்கும் துணிகளுக்கும் வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து வைக்கிறேன். மரத்தின் அடியில் மாவுபோல் தூள் கொட்டியிருந்தால் வண்டு உள்ளே இருக்கிறது என்று பொருள். அந்தப் பொம்மையை உடனே தனியே எடுக்க வேண்டும். வண்ணமோ அரக்கோ பூசாத மரமாக இருந்தால், பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரிக்குப் போகும் உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்த பின் குளிர் முழுதும் தணிந்த பிறகே பையைத் திறக்கலாம். தாத்தாவின் செல்லுலாய்டு பொம்மை மட்டும் வேறு அறையில், காற்றுப் போகும் அட்டைப்பெட்டியில் இருக்கிறது. பழைய திரைப்படச் சுருளின் அதே நைட்ரேட் பொருள் அது, கற்பூரம் சேர்த்துச் செய்தது, தீயைத் தொட்டால் பற்றிக்கொள்ளும். சிதையத் தொடங்கினால் அமில ஆவி விட்டுப் பக்கத்துப் பொம்மைகளையும் கெடுக்கும். பழைய செல்லுலாய்டு பொம்மையைக் கொலுவில் விளக்குக்கு அருகில் வைக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளிநாட்டுப் பொம்மைகளின் விலை இங்கே ஏறியதற்குக் காரணம் உண்டு. பொம்மை இறக்குமதிக்கான அடிப்படைச் சுங்கவரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்ந்தது. 2021 ஜனவரியிலிருந்து குழந்தைகளுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயமானது. ஆகவே படத்தில் பார்க்கும் விலையோடு மனக்கணக்கை முடித்துக்கொள்ளக் கூடாது. மறைத்து வாங்கிய காலத்தில் எனக்கு வரம்பே இருந்ததில்லை. மாதச் செலவை யாருக்கும் காட்டாதவன் தனக்கும் காட்டிக்கொள்வதில்லை. இப்போது மாதம் 1,000 ரூபாய், வீட்டுக் கணக்கில் பாலுக்கும் மின்சாரத்துக்கும் கீழே தனி வரியாக எழுதப்படுகிறது. வாங்காத மாதத்துப் பணம் அடுத்த மாதத்துக்குச் சேரும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2009-இல், டவுனில் ரத வீதியை ஒட்டிய தெருவில் இறப்பு நடந்த ஒரு வீட்டில் பழைய சாமான் விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். அலமாரியில் பீங்கான் தலை கொண்ட பழைய பொம்மை ஒன்று இருந்தது. அதன் மதிப்பு எனக்குத் தெரியும், அந்த வீட்டம்மாளுக்குத் தெரியாது. "பிள்ளைக்கு விளையாட" என்று சொல்லி 200 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். பொம்மை சேர்ப்பவர்களிடையே இப்படி வாங்கியதைத் திறமையாகச் சொல்லிக்கொள்ளும் பழக்கம் இருக்கிறது. நானும் மனத்துக்குள் அப்படியே சொல்லிக்கொண்டேன். வெள்ளத்தில் அந்தப் பொம்மை தப்பியது. 2024 தையில் அதை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். அம்மாள் இல்லை, மகள் இருந்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் பொம்மையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "இது எங்க பாட்டி கொழும்புலருந்து கொண்டுவந்தது. அம்மை வித்துட்டோம்னு கடைசி வரைக்கும் வருத்தப்பட்டா" என்றார். திரும்பத் தருவதாக நான் சொல்லவே தேவைப்படவில்லை. அது அவர் மடியிலேயே இருந்தது. துக்க வீட்டில் பொம்மை வாங்காதீர்கள். வாங்கியே ஆக வேண்டுமென்றால், அதன் மதிப்பை முதலில் அவர்களிடம் சொல்லிவிட்டு, ஒரு மாதம் கழித்து மீண்டும் கேளுங்கள்.

எஞ்சிய பொம்மைகள் இப்போது 70. பொம்மைக்கு ஒரு பக்கமாக ஒரு பதிவேடு எழுதுகிறோம். எங்கே, எப்போது, யாரிடம், என்ன விலைக்கு வாங்கியது, எந்தப் பொருளால் ஆனது, என்ன பழுது, எப்படிச் சரிசெய்தது, எனக்குப் பின் யாருக்குப் போக வேண்டும் என்பவை அதில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் முன்பக்கம், பின்பக்கம், குறி ஆகிய மூன்றையும் படம் எடுத்து மகளின் கணினியிலும் வைத்திருக்கிறோம். கடைசிக் கட்டத்தை நிரப்புவதுதான் கடினமாக இருந்தது. மரப்பாச்சி ஜோடியின் பக்கத்தில் என் மனைவி தன் கையெழுத்தில், "யாருக்குக் கொடுத்தாலும் ரெண்டையும் சேர்த்துத்தான்" என்று எழுதியிருக்கிறாள். எதிர்வீட்டு ஆச்சி அதைக் கேட்டுத் தலையசைத்தார்.

பள்ளியில் தெரிந்துவிட்டால் மாணவர்கள் சிரிப்பார்கள் என்ற பயம்தான் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது. தெரிந்தது. சிலர் சிரித்தார்கள். ஒரு வாரத்தில் நின்றுவிட்டது. அதன் பிறகு ஒரு நாள் மாலை, பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஆய்வகத்தின் வாசலில் தயங்கி நின்று, புத்தகப்பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய பொம்மை ஒன்றை எடுத்தான். அவன் இறந்துபோன தங்கச்சியின் பொம்மை. உள்ளே இழுத்துக் கட்டியிருந்த எலாஸ்டிக் அறுந்து, கைகளும் கால்களும் தனித்தனியாகக் கிடந்தன. "சார், இதுக்கு எந்த எலாஸ்டிக் போடணும்?" என்று கேட்டான். அளவுகோலை எடுத்துத் துளையை அளந்து பார்த்தோம். தட்டை எலாஸ்டிக் வேண்டாம், இரண்டு மில்லிமீட்டர் உருட்டு எலாஸ்டிக் போதும், டவுனில் தையல் சாமான் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும், ஒரு மீட்டருக்கு மேல் வாங்கி வா, முதல் தடவை முடிச்சு நழுவும் என்று சொன்னேன். சனிக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.